காற்றும் கூழாங்கல்லும் செய்யும் ஒயின்: ஷாத்தோனஃப்-து-பாப் திராட்சைத் தோட்டத்தை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இயற்கை வேளாண்மையில் விளைந்த சிவப்பு ஒயின் என்று ஒரு புட்டியை யாராவது நீட்டினால், அதில் ஒட்டியிருக்கும் பச்சை இலை முத்திரை நமக்குச் சொல்வது பெரும்பாலும் தோட்டத்தில் என்ன செய்யப்படவில்லை என்பதை மட்டுமே. செயற்கை உரம் இடவில்லை, களைக்கொல்லி தெளிக்கவில்லை, செயற்கைப் பூச்சிக்கொல்லி பயன்படுத்தவில்லை. இவையெல்லாம் இல்லாமலே அந்தக் கொடி எப்படிப் பிழைத்தது, பழம் எப்படி அழுகாமல் பழுத்தது என்னும் கேள்விக்கு முத்திரையில் விடை கிடையாது. அந்த விடை மண்ணிலும் காற்றிலும் மழைக் கணக்கிலும்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டவர், எந்த நாட்டு ஒயினை எடுத்தாலும் அதன் குணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு தாமே ஊகித்துவிடலாம்.

இதற்குத் தென்பிரான்சிலுள்ள ஷாத்தோனஃப்-து-பாப் என்னும் ஒரே பகுதியை எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம். இயற்கை வேளாண்மை அங்கே வேரூன்றியதற்கு உழவர்களின் கொள்கைப் பிடிப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அங்கே வீசும் காற்று என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காற்று உதவாத ஆண்டில் என்ன ஆனது என்பதையும் இந்த வழிகாட்டியில் பார்க்கப் போகிறோம்.

படி 1: முதலில் வரைபடத்தை எடுங்கள்

ரோன் ஆறு ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, பிரான்சின் தென்கிழக்கு வழியாக மத்தியதரைக் கடலுக்கு இறங்குகிறது. அந்த ஆற்றின் இடது கரையில், அவிஞோன் நகருக்கு வடக்கிலும் ஒராஞ்ச் நகருக்குத் தெற்கிலும் இந்தப் பகுதி இருக்கிறது. ஐந்து ஊர்களின் நிலம் சேர்ந்து ஏறத்தாழ 3,200 எக்டர் திராட்சைத் தோட்டம். பெயரின் பொருள் 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை'. 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் உரோமை விட்டு அவிஞோனில் தங்கியிருந்தபோது, இருபத்திரண்டாம் யோவான் என்னும் போப் இங்கே ஒரு கோட்டை கட்டினார். அதன் இடிந்த சுவர் இன்றும் ஊரின் உச்சியில் நிற்கிறது.

வரைபடத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மேற்கே மத்தியத் திட்டு மலைகள், கிழக்கே ஆல்ப்ஸ். இரண்டுக்கும் நடுவே வடக்கு தெற்காக ஒரு நீண்ட குழாய்போல ரோன் பள்ளத்தாக்கு கிடக்கிறது. இது முதலாவது. தெற்கே கடல் தொலைவில் இல்லை என்பது இரண்டாவது. வடக்கின் குளிர்ந்த காற்றும் கடலின் ஈரக் காற்றும் இந்தத் தோட்டங்களின் மேல்தான் மோதிக்கொள்கின்றன. இனி வரும் படிகள் அனைத்தும் இந்த மோதலின் விளைவுகளே.

எல்லை வகுக்கப்பட்ட விதமும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1920களில் இந்தப் பகுதியின் பெயரை வைத்து வேறெங்கோ விளைந்த ஒயினை விற்பது பெருகியபோது, உள்ளூர்த் தோட்ட உரிமையாளரும் சட்டம் பயின்றவருமான பியேர் லெ ருவா என்னும் பிரபுவின் தலைமையில் உழவர்கள் தங்களுக்குத் தாங்களே விதிகளை எழுதிக்கொண்டார்கள். எந்த நிலம் உள்ளே, எந்த நிலம் வெளியே என்று முடிவு செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் அழகானது: லாவெண்டரும் தைம் என்னும் மணப்புதரும் இரண்டும் சேர்ந்து வளரும் வறண்ட நிலமாக இருக்க வேண்டும். வளமான வண்டல் நிலத்தில் அந்தப் புதர்கள் நிற்காது. வளமான நிலத்தில் திராட்சை கொழுத்து விளையும், ஆனால் சாறு நீர்த்துப்போகும். நிலத்தின் குணத்தை அதில் தானாக முளைக்கும் செடியை வைத்து அறிவது நம் உழவர்களுக்கும் பழக்கமான அறிவுதான். அந்த விதிகளின் அடிப்படையில் 1936இல் இந்தப் பகுதிக்குச் சட்டப்படியான பிறப்பிடப் பெயர் கிடைத்தது. பிரான்சில் அந்தத் தகுதியை முதலில் பெற்றவற்றுள் இதுவும் ஒன்று.

படி 2: கல்லைப் புரட்டிப் பாருங்கள்

ஷாத்தோனஃப் என்றதும் எல்லோரும் காட்டும் படம், மண்ணே தெரியாமல் உருண்டைக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்கும் தோட்டம். தேங்காயளவு, சிலவிடங்களில் இளநீரளவு கற்கள். கடினமான குவார்ட்சைட் பாறை ஆல்ப்ஸ் மலையிலிருந்து உடைந்து, பனியாலும் ஆற்றுநீராலும் உருட்டப்பட்டு, ரோன் ஆறு இன்றைவிட உயரமாக ஓடிய காலத்தில் மேட்டுத் திடல்களில் படிந்தவை இவை. பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்டு, இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடுகின்றன. அதனால் கொத்துகள் இரவிலும் பழுக்கின்றன என்று சொல்வார்கள்.

இது உண்மை, ஆனால் பாதி உண்மை. கோடை நடுப்பகலில் இந்தத் திடலில் ஒரு கல்லைப் புரட்டினால் மீதிப் பாதி தெரியும். மேற்புறம் கையைச் சுடும். அடிப்புறம் குளிர்ந்திருக்கும், அதில் செம்மண் களி ஈரமாக ஒட்டியிருக்கும். அந்தக் களியை விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். கற்கள் மேலே மூடாக்குப்போல் கிடந்து ஆவியாதலைத் தடுக்க, கீழேயுள்ள செங்களி குளிர்கால மழையைப் பிடித்துவைத்துக்கொண்டு கோடை முழுவதும் வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. வெப்பம் பெருகிவரும் இன்றைய ஆண்டுகளில் கல் கொடுக்கும் இரவுச் சூடு கொடிக்கு அவ்வளவாகத் தேவையில்லை. சில ஆண்டுகளில் அது சுமையே. களி கொடுக்கும் ஈரம் இல்லாமல் கொடி ஒரு கோடையைக் கூடத் தாண்டாது. ஆகவே தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர் படம் எடுக்கக் கல்லைப் பார்க்கட்டும், புரிந்துகொள்ளக் கல்லுக்கு அடியில் பார்க்கட்டும்.

இந்தப் பகுதி முழுவதும் கல் என்று நினைப்பதும் தவறு. மேற்குப் பக்கத்தில் வெளிறிய சுண்ணாம்புப் பாறை நிலம் உண்டு. கிழக்கிலும் நடுவிலும் மணற்பாங்கான நிலங்கள் உண்டு. புகழ்பெற்ற ராயாஸ் தோட்டம் மணலில்தான் நிற்கிறது; சுற்றிலும் மரங்கள் அடர்ந்து, மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. இங்கே மிகுதியாக வளரும் கிரெனாஷ் என்னும் திராட்சை வகை மணலில் விளைந்தால், அதன் ஒயின் நிறம் வெளிறியும் மணம் மிகுந்தும் துவர்ப்பு மென்மையாகவும் இருக்கும். கல்லும் களியும் சேர்ந்த நிலத்தில் விளைந்தது கனத்து, துவர்ப்பு இறுகி, நீண்ட நாள் தாங்கும். சுண்ணாம்பு நிலத்து ஒயினில் புளிப்பின் புத்துணர்வு சற்றுத் தூக்கலாகத் தெரியும். பல தோட்டக்காரர்கள் இந்த மூன்று நிலத்திலும் துண்டு துண்டாகக் கொடி வைத்திருந்து, கடைசியில் கலந்துகொள்கிறார்கள்.

படி 3: காற்றின் கணக்கைக் கேளுங்கள்

இயற்கை வேளாண்மையைப் பொறுத்தவரை இதுதான் முதன்மையான படி. மிஸ்ட்ரல் என்னும் வடகாற்று, முன்னே சொன்ன அந்த மலைக்குழாயின் வழியாக இறுகி வேகமெடுத்து, ஆண்டில் நூறு நாளுக்கு மேல் வீசுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் நாள்களும் உண்டு. மூன்று நாள் வீசும், நில்லாவிட்டால் ஆறு நாள், அதுவும் போதாவிட்டால் ஒன்பது நாள் என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள். பண்ணை வீடுகள் வடக்குச் சுவரில் சன்னல் வைக்காமலும், வடக்கே சைப்ரஸ் மரங்களை வேலியாக நட்டும் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தாலே காற்றின் அதிகாரம் புரியும்.

திராட்சைக்கு வரும் பெரும்பாலான நோய்கள் ஈரத்தில் முளைக்கும் பூஞ்சண நோய்கள். மழை நின்றபின் இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்பதே நோய் பிடிக்குமா பிடிக்காதா என்பதை முடிவு செய்கிறது. மிஸ்ட்ரல் வீசினால் இலையும் கொத்தும் விரைவில் உலர்ந்துவிடும். இறுக்கமான கொத்தின் உள்ளே தேங்கிய நீர்கூடப் போய்விடும். வேறு பகுதிகளில் ஒருமுறைக்கு இருமுறை மருந்து தெளித்துப் பெறும் பாதுகாப்பை இந்தக் காற்று இலவசமாகக் கொடுக்கிறது. வானத்தையும் துடைத்துவிடுவதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800 மணி நேரம் வெயில் கிடைக்கிறது.

காற்று கேட்கும் விலையும் உண்டு. இளந்தளிர் முறியும், பூக்கும் பருவத்தில் வலுத்து வீசினால் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கிரெனாஷ் கொடி தடித்த தண்டோடு நிமிர்ந்து நிற்பதால், தாங்குகோல் இல்லாமல் குட்டையான குத்துச்செடியாகவே வளர்க்கிறார்கள். சிரா வகையின் நீண்ட தளிர்களோ காற்றில் ஒடிந்துவிடும். அதற்குக் கம்பி கட்டியாக வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரு பாத்தி கிண்ணம்போல் கவாத்து செய்யப்பட்டும், அடுத்த பாத்தி கம்பி வரிசையிலும் இருப்பதைக் கண்டால், அதற்குக் காரணம் காற்று.

படி 4: நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதுவும் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் கொட்டிவிட்டு, கோடையில் ஏறக்குறைய இல்லாமலே போகும். பாசனத்துக்கோ விதிகள் மிகக் கடுமையான கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. வேர் ஆழம் போவதைத் தவிர வழியில்லை. வயதான கொடிகளுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்: ஐம்பது, அறுபது ஆண்டு ஆழம் தேடிய வேர் வறட்சியில் கலங்காது; விளைச்சல் குறைந்தாலும் பழத்தின் தரம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக ஏறி இறங்காது.

விளைச்சலுக்கும் வரம்பு உண்டு. எக்டருக்கு 35 எக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர். எக்டருக்கு 3,000 கொடிகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கொடியின் ஓராண்டு உழைப்பு ஒன்றரைப் புட்டிதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு விலைப்பட்டியலைப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்பது விளங்கும்.

மழை தவறான நேரத்தில் வந்தால் எதுவும் காப்பாற்றாது. 2002 செப்டம்பரில், அறுவடையின் நடுவே, தென்ரோன் பகுதியில் கொட்டிய பெருமழை தோட்டங்களை மூழ்கடித்தது. பல பெயர்பெற்ற பண்ணைகள் அந்த ஆண்டின் சிவப்பு ஒயினைத் தங்கள் முதன்மைப் பெயரில் வெளியிடாமலே விட்டன. அடுத்த ஆண்டு, 2003இல், ஐரோப்பாவையே வாட்டிய அனல் கோடை. இரண்டு ஆண்டுப் புட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு, ஒயினில் ஆண்டு எண்ணை ஏன் அச்சிடுகிறார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

படி 5: என்ன கொடி, எந்த வேர்

இங்கே அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகள் 13 என்று வழக்கமாகச் சொல்வார்கள். நிற வேறுபாடுகளைத் தனித்தனியாக எண்ணினால் 18. நடைமுறையில் கிரெனாஷ்தான் அரசாள்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த இந்த வகை வெயிலையும் வறட்சியையும் காற்றையும் தாங்கும். சர்க்கரையை நிறையச் சேர்க்கும். அதனால் ஒயினில் மதுச்சத்து 14, 15 விழுக்காடு வரை போகும். கொத்தில் இனிப்பும் மணமும் உண்டு, நிறமும் துவர்ப்பும் குறைவு. அந்தக் குறையை நிரப்பச் சிராவும் மூர்வேத்ரும் வருகின்றன. மூர்வேத்ர் தாமதமாகப் பழுக்கும்; முகத்துக்கு வெயிலும் காலுக்குத் தண்ணீரும் கேட்கும் வகை என்று உழவர்கள் சொல்வார்கள். கல்லுக்கு அடியில் ஈரக்களி உள்ள நிலம் அதற்கு ஏன் பொருந்துகிறது என்பதை நாம் இரண்டாம் படியிலேயே பார்த்துவிட்டோம்.

வேர் மட்டும் வேறொரு கண்டத்தினுடையது. 1863இல், ரோன் ஆற்றுக்கு நேர் அக்கரையிலுள்ள பூஜோ என்னும் சிற்றூரில்தான் ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை அழித்த ஃபிலாக்ஸரா என்னும் வேர்ப்பேனின் பாதிப்பு பிரான்சில் முதன்முதலாகத் தென்பட்டது. 1868இல் ஜூல் எமீல் பிளான்ஷோன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தப் பூச்சியை அடையாளம் கண்டார்கள். அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே தீர்வானது. இன்றும், இயற்கை வேளாண்மைத் தோட்டங்களிலும், அதுவே நடைமுறை. நூறு ஆண்டுக்கு மேலாகப் பூச்சிக்கொல்லி ஏதுமின்றி ஒரு பெருங்கொள்ளைப் பூச்சியை அடக்கிவைத்திருக்கும் இந்த ஒட்டு முறை, என் பார்வையில், இயற்கை வழிப் பயிர்ப்பாதுகாப்பின் மிகப் பெரிய வெற்றி.

படி 6: மயில்துத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இயற்கை வேளாண்மை என்றால் எதையும் தெளிக்காமல் விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. திராட்சையின் இரு பெரும் எதிரிகளான சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. ஐரோப்பியக் கொடிக்கு அவற்றை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகக் கிடையாது. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள், அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம்: இயற்கை வேளாண்மை விதிகள் இவ்விரண்டையும் அனுமதிக்கின்றன.

அடிச்சாம்பல் நோயை நேரில் பார்த்தவர் மறக்கமாட்டார். முதலில் இலையின் மேற்புறம் எண்ணெய்த் துளி பட்டாற்போல் ஒரு மஞ்சள் வட்டம். இலையைத் திருப்பினால், அதே வட்டத்தின் அடியில் பஞ்சுபோல் வெண்மை. அந்த வெண்மை தெரியும்போது அடுத்த சுற்று வித்துகள் காற்றில் கிளம்பத் தயாராகிவிட்டன என்று பொருள். இது எப்போது தொடங்கும் என்று அறிய உழவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு மூன்று பத்து: தளிர் 10 சென்டிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும், வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஓரிரு நாளில் 10 மில்லிமீட்டர் மழை பெய்திருக்க வேண்டும். மூன்றும் கூடினால் மறுமழைக்கு முன் தாமிரம் இலையில் இருந்தாக வேண்டும். தாமிரம் இலைக்குள் ஊடுருவாது, மேலே படிந்து நின்று காக்கும். ஆகவே நோய் வந்தபின் தெளித்துப் பயனில்லை. 20, 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது கழுவப்பட்டும் போய்விடும்.

அந்தத் தாமிர மருந்து தமிழ்நாட்டுத் திராட்சை உழவருக்கு மிகவும் பழகியது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குத் தெளிக்கும் போர்டோ கலவைதான் அது. பெயரிலுள்ள போர்டோ, பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் நகரம். அங்கே சாலையோரக் கொடிகளில் பழம் திருடாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்ததையும், அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நின்றதையும் கவனித்த பியேர் மரி அலெக்ஸி மிலார்தே என்னும் தாவரவியலாளர், 1885இல் அந்தக் கலவையை நோய் மருந்தாக வெளியிட்டார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலவையில் துருவில்லாத கத்தியை நனைத்து எடுத்து, அதில் செந்நிறப் படிவு தென்பட்டால் இன்னும் சுண்ணாம்பு சேர்ப்பது என்று நம் ஊரில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதே கலவை, அதே சோதனை.

இப்போது கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் விதித்திருக்கும் வரம்பு, ஓர் எக்டருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோ தாமிரம். சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம். ஒரு விழுக்காட்டுக் கலவையை எக்டருக்கு 1,000 லிட்டர் தெளித்தால், ஒரே தெளிப்பில் இரண்டரைக் கிலோ தாமிரம் போய்விடும். அப்படியானால் ஓராண்டுக்கான அளவு இரண்டாவது தெளிப்புக்கே போதாது. ஆகவே அங்குள்ள இயற்கை உழவர் ஒவ்வொரு முறையும் சில நூறு கிராம் தாமிரத்தை மட்டும், மழை முன்னறிவிப்பைப் பார்த்துப் பார்த்து, நுண்துளியாகத் தெளிக்கிறார். வரம்பு வைத்ததற்கும் காரணம் உண்டு: தாமிரம் சிதைவதில்லை, மண்ணிலேயே தங்கி, அளவு மிஞ்சினால் மண்புழுவையும் மண்ணின் நுண்ணுயிர்களையும் வாட்டும். மண்ணைக் காக்கவென்று வந்த வேளாண்மை முறை இந்த ஒரு பொருளை இன்னும் விடமுடியாமல் இருப்பதை அதன் உழவர்களே கவலையோடு பேசுகிறார்கள். அந்தக் கவலையை நான் நேர்மையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

காற்று தோற்றால் என்ன ஆகும்? 2018 வசந்தமும் கோடையின் தொடக்கமும் தென்ரோனில் வழக்கத்துக்கு மாறாக ஈரமும் வெக்கையுமாகக் கழிந்தன. அடிச்சாம்பல் நோய் பரவியது. கிரெனாஷ் அந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் வகை. இலையிலிருந்து கொத்துக்கும் ஏறி, பிஞ்சுகள் பழுப்பேறிச் சுருங்கின. ஊடுருவும் செயற்கை மருந்தில்லாத இயற்கைத் தோட்டங்களே அதிகம் அடிபட்டன. விளைச்சலில் பெரும்பகுதியை இழந்த பண்ணைகள் பல. மழைக்குப்பின் களிமண் சேறாகி இழுவை இயந்திரம் உள்ளே போகமுடியாத ஓரிரு நாள் தாமதமே சில இடங்களில் போதுமானதாயிற்று. ஒரு பண்ணையின் 2018 ஒயின் சந்தையில் அரிதாகக் கிடைத்தால், அந்த அரிதுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கக்கூடும்.

படி 7: மண்ணையும் பூச்சியையும் கவனிக்கும் விதம்

களைக்கொல்லி இல்லையென்றால் உழ வேண்டும். பெரிய கற்கள் நிறைந்த நிலத்தில் கலப்பைக்கொழு விரைவில் தேயும். கொடியின் தூரைச் சுற்றிக் கையால் கொத்தவும் ஆள் வேண்டும். குளிர்காலத்தில் வரிசைகளுக்கு இடையே பயறு வகை, பார்லி போன்றவற்றை விதைத்து, வசந்தத்தில் மடக்கி மூடாக்காக்குகிறார்கள். நீருக்குப் போட்டி வராதபடி கோடைக்கு முன் இதை முடித்துவிட வேண்டும். சாறு பிழிந்த சக்கையும் தொழுவுரமும் மக்கிக் கலந்து நிலத்துக்கே திரும்புகின்றன.

கொத்தில் முட்டையிடும் திராட்சை அந்துப்பூச்சிக்கு, பெண்பூச்சியின் மணத்தை வெளிவிடும் சிறு குப்பிகளைத் தோட்டம் முழுவதும் கட்டிவிடுகிறார்கள். எங்கும் மணம் நிறைந்திருப்பதால் ஆண்பூச்சி இணையைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைகிறது. பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து கட்டினால்தான் இது பலிக்கும். ஊர் ஒத்துழைப்பு வேண்டிய வேலை.

படி 8: அறுவடை

இங்கே இயந்திர அறுவடைக்கு இடமில்லை. எல்லாம் கையால் பறிக்க வேண்டும், பழுதான பழத்தைப் பிரித்தொதுக்குவதும் கட்டாயம். தோட்டத்தில் பூஞ்சணத்தை மருந்தால் முழுமையாக அடக்காத இயற்கை உழவருக்கு இந்த விதி சுமையாகத் தெரியாது. அவருக்கு அது கடைசி வடிகட்டி. பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கி, மூர்வேத்ரோடு முடிகிறது. கிரெனாஷில் ஒரு சிக்கல் உண்டு: சர்க்கரை நிறைந்துவிடும், ஆனால் தோலும் விதையும் இன்னும் முற்றியிருக்காது. பழத்தை மென்று, விதை பச்சைக் கசப்பாக இருக்கிறதா, வறுத்த கொட்டைபோல் மொறுமொறுக்கிறதா என்று பார்ப்பதே இன்றும் நம்பகமான வழி. ஓரிரு நாள் காத்திருந்தால் மதுச்சத்து அரை விழுக்காடு ஏறும். காத்திராவிட்டால் துவர்ப்பு முரடாகும். ஆண்டின் மிகக் கடினமான முடிவு இதுதான்.

படி 9: நிலவறையில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலில் இயல்பாகவே தங்கியிருக்கும் ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்கவிடுபவர்கள் பலர். ஈஸ்ட் வளர்த்துச் சேர்ப்பதும் தடை செய்யப்படவில்லை. கிரெனாஷ் காற்றுப்பட்டால் விரைவில் நிறமும் மணமும் இழக்கும் என்பதால் சிமெண்டுத் தொட்டியிலோ பழைய பெரிய மரப்பீப்பாயிலோ வைப்பது வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இரசாயனங்களைக் கைவிட்ட போகாஸ்டெல் பண்ணை, 13 வகைகளையும் வளர்ப்பதிலும் கலவையில் மூர்வேத்ருக்குப் பெரும் பங்கு கொடுப்பதிலும் பெயர்பெற்றது. அங்கே பறித்து வந்த திராட்சையின் தோலைச் சிறிது நேரம் உயர்ந்த சூட்டுக்கு உட்படுத்தி உடனே குளிர்விக்கும் முறையைக் கையாள்கிறார்கள். சாற்றைக் கெடுக்கும் நொதிகள் அடங்கிவிடுவதால், ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகத்தின் தேவை குறைகிறது.

படி 10: புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கண்ணாடியில் புடைத்து நிற்கும் போப்பாண்டவர் மணிமுடியும் குறுக்கிட்ட சாவிகளும், 1937 முதல் இந்தப் பகுதியின் அடையாளம். அது பிறப்பிடத்தைச் சொல்கிறது, வேளாண்மை முறையைச் சொல்லவில்லை. அதற்கு நட்சத்திரங்களால் வரைந்த ஐரோப்பியப் பச்சை இலையையும், அருகிலுள்ள சான்று நிறுவனக் குறியெண்ணையும் பாருங்கள். பிரெஞ்சுக் குறியீடு என்றால் 'எஃப்ஆர்-பயோ' என்று தொடங்கும். 2012 அறுவடைக்கு முன் ஐரோப்பாவில் 'இயற்கை வேளாண்மைத் திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்றே எழுத முடிந்தது; நிலவறைக்கும் விதிகள் வந்தபின்தான் 'இயற்கை வேளாண்மை ஒயின்' என்னும் பெயர் சட்டப்படி கிடைத்தது. சர்க்கரை எஞ்சாத சிவப்பு ஒயினில் மொத்தக் கந்தக டைஆக்சைடு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வழக்கமான சிவப்பு ஒயினுக்கு இது 150. அமெரிக்காவிலோ கந்தகம் சேர்த்தாலே அந்தப் பெயர் கிடைக்காது. ஆகவே ஒரே ஒயின் இரு நாட்டில் இரு பெயரில் விற்கப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். தோட்டம் ஒன்று மாறத் தொடங்கி மூன்று ஆண்டு கழித்தே இலை முத்திரை கிடைக்கும். 'இயற்கை ஒயின்' என்று தனியாகச் சொல்லப்படுவது வேறு. அது நிலவறையில் ஏறக்குறைய எதையும் சேர்க்காத முறையைக் குறிக்கிறது.

படி 11: குவளையில் தோட்டத்தைத் தேடுங்கள்

16 முதல் 18 டிகிரி வரை குளிர்வித்து ஊற்றுங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் வைத்தால் மதுவின் காரம் மட்டுமே மூக்கில் ஏறும்; குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். மதுச்சத்து மிகுந்த ஒயின் இது; சிறு அளவாக ஊற்றிக்கொள்வது நல்லது.

முதலில் நிறம்: குவளையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். வெளிறிய மாணிக்கச் சிவப்பு என்றால் மணல் நிலத்துக் கிரெனாஷாக இருக்க வாய்ப்பு அதிகம். இருண்ட சிவப்பு என்றால் சிராவும் மூர்வேத்ரும் பேசுகின்றன. அடுத்து மணம்: பழுத்த செம்பழங்களுக்குப் பின்னால் அதிமதுரமும், மிளகும், வெயிலில் காய்ந்த தைம் புதரின் வாடையும் வரும். பிறகு வாயில்: துவர்ப்பு ஈறில் எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள், முற்றிய விதையின் துவர்ப்பு பாக்கை மென்றதுபோல் உலர்த்தும், கசக்காது. இனிப்பான பழச்சுவையின் அடியில் புளிப்பு நிமிர்ந்து நின்றால், அந்த ஆண்டுக் கொடிக்கு வேரடியில் ஈரம் கிடைத்திருக்கிறது. வேகவைத்த பழம்போல் தளர்ந்திருந்தால், ஆண்டு எண்ணைத் திருப்பிப் பாருங்கள். அது அனல் கோடையாக இருந்திருக்கலாம்.

பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் அதே குவளையில், அதே வெப்பத்தில் மீண்டும் ஊற்றிப் பாருங்கள். இளம் புட்டியாக இருந்தால் துவர்ப்பு ஒரு படி இறங்கி, முதல் நாள் தெரியாத புதர்மணம் மேலே வந்திருக்கும். கல்லுக்கு அடியில் களியிருந்த நிலத்து ஒயினும் மணல் நிலத்து ஒயினும் அன்று நன்றாகவே பிரிந்து தெரியும்.